பாசிச்சாயத் தாள் மாறவில்லை என்றால் அது நடுநிலைதானா?

அமிலத்தில் சிவப்பாகவும் மூலத்தில் நீலமாகவும் மாறிக் காட்டுகிற தாள் பாசிச்சாயத் தாள் (லிட்மஸ் தாள்). விஞ்ஞானச் செய்முறைக் கொப்பிகளில் அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறது: ‘செந்நிறப் பாசிச்சாயத் தாளில் நிற மாற்றம் இல்லை, ஆகவே இப்பதார்த்தம் நடுநிலையானது.’ சீனிக் கரைசலுக்கு இதை எழுதியிருந்தால் விடை சரி, காட்டிய காரணம் பிழை. ஏனென்றால் அதே செந்தாளில் தேசிக்காய்ப் புளியை விட்டாலும் மாற்றம் வராது. தாள் முதலே சிவப்பு, அமிலம் பட்டு இனி எங்கே போய்ச் சிவக்கிறது? அந்த வரியை அப்படியே வைத்துத் தேசிக்காயையும் நடுநிலைப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அமிலம், மூலம், நடுநிலை என்று பொருட்களைப் பிரிக்கிற இந்தப் பாடம் கீழ் வகுப்பில் தொடங்கி சாதாரண தரம் வரை வருகிறது. பிள்ளைகள் பயப்படுகிற பாடம் இல்லை, நிறம் பார்க்கிற பாடம், அதனாலேயே அரைகுறையாக விளங்கிக்கொண்டு கடந்துபோகிற பாடமும்கூட. அமிலத்தையும் மூலத்தையும் பிடிப்பது லேசு, ஏதோ ஒன்று மாறிக் காட்டும். நடுநிலையைப் பிடிப்பதுதான் வில்லங்கம். அங்கே ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காததை வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரவேண்டும். ஒன்றும் நடக்காமல் இருக்கப் பல காரணங்கள் உண்டு, பொருள் நடுநிலையாக இருப்பது அவற்றில் ஒன்றுதான்.

முதலில் தாள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பாசிச்சாயம் என்பது கடலோரப் பாறைகளில் படரும் சில கற்பாசி வகைகளிலிருந்து எடுக்கிற சாயம். அந்தச் சாயத்தின் மூலக்கூறில் ஐதரசன் அயன் (மின்னேற்றமுள்ள துணிக்கை) ஒன்று ஒட்டியிருந்தால் ஒரு நிறம், கழன்றுபோனால் வேறு நிறம். கரைசலில் ஐதரசன் அயன் மிகுதியாக இருந்தால் (அமிலம்) அது சாயத்தோடு ஒட்டிக்கொள்ளும், தாள் சிவக்கும். ஐதரொட்சைட்டு அயன் மிகுதியாக இருந்தால் (மூலம்) சாயத்திடமிருந்து ஐதரசன் அயனைப் பறித்துக்கொண்டு போய்விடும், தாள் நீலமாகும். காட்டிகள் (இப்படி நிறம் மாறிக் காட்டுகிற சாயங்கள்) எல்லாமே ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கின்றன, எந்தக் கட்டத்தில் நிறம் மாறும் என்பதில்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். பிஎச் என்பது அமில, மூலத் தன்மையைச் சொல்லும் எண், ஏறக்குறைய 7 நடுநிலை, கீழே அமிலம், மேலே மூலம். பாசிச்சாயம் பிஎச் 5இலிருந்து 8 வரையான இடைவெளியில் மெல்ல மெல்ல மாறும், நடுவில் ஊதா. பினோத்தலீன் என்ற காட்டி 8.3 தாண்டினால்தான் இளஞ்சிவப்பாகத் தொடங்கும், அதற்குக் கீழே அமிலமானாலும் சரி நடுநிலையானாலும் சரி நிறமற்றுத்தான் கிடக்கும். மெதைல் செம்மஞ்சள் மற்றப் பக்கம், 3.1க்குக் கீழே சிவப்பு, 4.4க்கு மேலே மஞ்சள். அதனால் தூய தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீரும் அதற்கு ஒரே நிறந்தான்.

ஆக, நடுநிலை என்று சொல்ல இரண்டு தாளும் வேண்டும். நீலத் தாள் நீலமாகவே இருக்கவேண்டும், செந்தாள் சிவப்பாகவே இருக்கவேண்டும். ஒரு தாளை மட்டும் வைத்து ‘மாற்றம் இல்லை’ என்று எழுதினால், மூன்றில் ஒன்றை விலக்கியிருக்கிறோம், மிச்சம் இரண்டில் எது என்று இன்னும் தெரியாது. இதை வகுப்பில் ஒருமுறை சத்தமாகச் சொன்னால் போதும், பிள்ளைகளுக்கு விளங்கும். புள்ளித் திட்டத்தில் ஒரு தாளுக்கே புள்ளி கிடைத்துவிடுவதால்தான் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இரண்டு தாளும் அசையாமல் இருந்தாலும் இன்னும் சில இடங்களில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது. தேங்காயெண்ணெயையும் மண்ணெண்ணெயையும் தாளில் விட்டுப் பார்த்து ‘நடுநிலை’ என்று எழுதுகிறார்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது, அதில் அயன்கள் ஓடித்திரிய வழியில்லை, ஆகவே தாள் அதற்குப் பதில் சொல்லவே இல்லை. அது நடுநிலை என்ற பதிலும் ஆகாது. இதே மாதிரித்தான் உலர்ந்த சித்திரிக்கமிலப் பளிங்கை உலர்ந்த நீலத் தாளில் வைத்தால் ஒன்றும் நடக்காது, ஒரு துளி தண்ணீர் விட்ட உடனே சிவக்கும். சவர்க்காரக் கட்டியிலும் அப்படித்தான், தாளை நனைத்து ஒட்டவேண்டும். பிறகு பால், மழைத்தண்ணீர் இந்த இரண்டும். பால் ஏறக்குறைய 6.6, சுத்தமான மழைத்தண்ணீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு வருவதால் 5.6 அளவில் இருக்கும். இரண்டும் கொஞ்சம் அமிலப் பக்கம், ஆனால் பாசிச்சாயம் தடுமாறுகிற இடைவெளிக்குள் நிற்பதால் தாள் தெளிவாக ஒன்றும் காட்டாது. ஆய்வுகூட போத்தலில் மூடி திறந்து கிடக்கிற காய்ச்சி வடித்த நீரும் இந்தக் கணக்குத்தான், நடுநிலைக்கு உதாரணமாக அதைக் கொண்டுவந்து வைக்கிறோம், அது காற்றைக் குடித்து எப்போதோ 7ஐ விட்டு இறங்கியிருக்கும்.

சரி, இப்போது பரீட்சைக்காரர்களுக்குப் பிடித்த ஒரு கணக்கு. பெயர் ஒட்டாத மூன்று போத்தல். ஒன்றில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம், ஒன்றில் சோடியம் ஐதரொட்சைட்டு, ஒன்றில் உப்புக் கரைசல். கையில் செந்நிறப் பாசிச்சாயத் தாள் மட்டும். எது எது? முதல் சுற்றில் மூன்றிலும் தொட்டுப் பார்த்தால் ஒரு போத்தலில் மட்டும் தாள் நீலமாகும், அது மூலம். இப்போது நம்மிடம் ஒரு நீலத் தாள் இருக்கிறது, முதலில் இல்லாத ஒன்று. அந்த நீலத் தாளை மிச்சம் இரண்டிலும் தொட்டால், திரும்பச் சிவக்கிறது அமிலம், நீலமாகவே நிற்பது உப்புக் கரைசல். பினோத்தலீனை மட்டும் தந்தாலும் இதே வழிதான்: எது இளஞ்சிவப்பாகிறதோ அது மூலம், அந்த இளஞ்சிவப்புக் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாக மற்ற இரண்டையும் தனித்தனியாக விட்டால் நிறத்தை அழிக்கிறது அமிலம்.

இந்தக் கணக்கை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் பார்க்கத் தெரிந்த காட்டியை வைத்து இரண்டு முறை கேள்வி கேட்டால் மூன்று வகையையும் பிரித்துவிடலாம் என்று இது காட்டுகிறது. அது தெரிந்துவிட்டால் ஆய்வுகூட அலுமாரியை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற அருமையான காட்டி ஒன்று எல்லாக் குசினியிலும் இருக்கிறது.

மஞ்சள். அதிலுள்ள குர்குமின் என்ற சாயம் அமிலத்திலும் மஞ்சள், நடுநிலையிலும் மஞ்சள், பிஎச் 8 அளவைத் தாண்டினால் செங்கபிலம். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆலாத்தி நீர் சிவக்கிறதும், பழைய முறைப்படி குங்குமம் செய்கிறதும் இதை வைத்துத்தான். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கறி கொட்டினால் அம்மாமார் படுகிற பாடும் இதுதான்: சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததும் மஞ்சள் கறை இரத்தம் மாதிரிச் சிவக்கும், பயந்து போய் இன்னும் தண்ணீர் ஊற்றி அலசினால் பழையபடி மஞ்சளாகும், வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டால் மங்கிவிடும், ஏனென்றால் குர்குமினுக்கு வெயில் ஆகாது.

மஞ்சள் தாள் செய்ய மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைப்பதைவிட மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கரைத்தால் நல்லது, குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது. தெளிந்த பிறகு மேலே நிற்கிறதை எடுத்து வடிதாளை நனைத்து நிழலில் காயவிட வேண்டும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அடுப்படியில் வைத்துச் செய்யக்கூடாது. கறித்தூளைக் கொண்டுவந்து ‘இதுவும் மஞ்சள்தானே’ என்று நிற்கிற பிள்ளைகளும் இருப்பார்கள், அது சரிவராது.

இனி மூன்று கோப்பை: வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு கிள்ளு கரைத்துத் தெளியவிட்ட நீர், தேசிக்காய்ப் புளி, உப்புத் தண்ணீர். கோலுக்குப் பதில் ஈர்க்குத் துண்டு போதும், ஒவ்வொரு கோப்பைக்கும் தனி ஈர்க்கு. மஞ்சள் தாளில் மூன்றையும் தொட்டு வைத்தால் சுண்ணாம்பு நீர் பட்ட இடம் மட்டும் சிவக்கும். அந்தச் சிவந்த இடத்தில் ஒரு துளி தேசிக்காய்ப் புளி வைத்தால் நடுவிலிருந்து மஞ்சள் விரிந்துகொண்டு போகும், விளிம்பில் கொஞ்ச நேரம் ஒரு செவ்வளையம் நின்று மறையும். இன்னொரு சிவந்த இடத்தில் ஒரு துளி உப்புத் தண்ணீர் வைத்தால் சிவப்பு அப்படியே இருக்கும். ‘ஒரு துளி’ என்பதைக் கவனிக்கவேண்டும். உப்புத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் சுண்ணாம்பு கழுவப்பட்டு அந்த இடமும் மஞ்சளாகிவிடும், சட்டையை அலசும்போது நடந்ததுதான் இங்கேயும் நடக்கும். அப்போது நடுநிலைக் கரைசல் அமிலம் போல வேஷம் போடும். அளவு சமமாக இருந்தால்தான் ஒப்பிடலாம். இதைத் தடுக்கப் பக்கத்தில் வெறும் தண்ணீர்த் துளி ஒன்றையும் வைத்துக்கொண்டால் அது எவ்வளவு கழுவுகிறது என்று கண்ணால் தெரியும். பாடப்புத்தகம் ‘கட்டுப்பாட்டுப் பரிசோதனை’ என்று பெரிய பெயர் வைத்திருப்பது இந்த ஒரு துளித் தண்ணீருக்குத்தான்.

பூக்களில் இருக்கிற சாயம் இரண்டு பக்கமும் பார்க்கும். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலச் சாறு வரும், தேசிக்காய் விட்டால் ஊதாவாகி இளஞ்சிவப்பாகும், சுண்ணாம்பு நீர் விட்டால் பச்சையாகும். வேலியில் படர்ந்து கிடக்கிற கொடி, காசு இல்லை. செவ்வரத்தம்பூவும் இப்படித்தான், அமிலத்தில் கடுஞ்சிவப்பு, மூலத்தில் பச்சை. புத்தகங்களில் ஊதாக் கோவா என்று போட்டிருப்பார்கள், முல்லைத்தீவுச் சந்தையில் அதைத் தேடிக்கொண்டு திரிவதைவிடப் பள்ளிக்கூட முற்றத்துச் செவ்வரத்தையில் இரண்டு பூ பிடுங்குவது புத்தி. பூச்சாயத்தைக் காட்டியாகப் பயன்படுத்துகிறது ஏழைப் பள்ளிக்கூடத்துச் சமாளிப்பு என்று யாராவது நினைத்தால், விஞ்ஞானி ரொபேட் பொயில் 1664இல் நிறங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் விவரிக்கிறதும் ஊதாப் பூவின் பாகைத்தான். இந்த முறையின் தொடக்க காலத்திலேயே பூ இருக்கிறது.

பூச்சாறு ஒன்றிரண்டு நாளில் புளித்துக் கெட்டுவிடும், அதனால் தாளில் தோய்த்துக் காயவைக்கச் சொல்வார்கள். இங்கே ஒரு சின்னப் பிரச்சினை. எழுதுகிற தாள்கள் பலவற்றில் வெண்மைக்காகக் கல்சியம் காபனேற்றுச் சேர்க்கிறார்கள், அது மூலப் பக்கத்துப் பொருள். கொப்பித் தாளில் சங்குப்பூச் சாற்றைத் தோய்த்தால் பரிசோதனை தொடங்க முதலே பச்சைச் சாயல் அடிக்கலாம், மெல்லிய அமிலம் ஒன்றை விட்டால் தாளே அதைத் தின்றுவிடும். வடிதாள் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சவர்க்காரம் போக நன்றாக அலசிக் காயவைத்த பழைய வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு.

வெறுந்தேத்தண்ணியும் ஒரு காட்டிதான், பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. தேசிக்காய் பிழிந்ததும் நிறம் வெளிறுவதற்குக் காரணம் தேத்தண்ணி ஐதாவது இல்லை, அதிலுள்ள சாயப் பொருட்கள் அமிலத்தில் நிறம் குறைவதுதான். அப்பச்சோடா ஒரு கிள்ளு போட்டால் கறுக்கும். காபனேற்றுக்கள் கூடிய கிணற்றுத் தண்ணியில் தேத்தண்ணி கறுப்பாக வருவதும் இந்த வகைதான்.

வன்னியில் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த மாதிரி என்று என்னைக் கேட்டால் பனையைத்தான் காட்டுவேன். பூநகரிப் பக்கம், மன்னார்ப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. பாளையைச் சீவி முட்டி கட்டினால் ஒரே மரத்தில் இரண்டு விதமாக எடுக்கலாம். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் கருப்பநீர், பூசாமல் கட்டினால் கள். பாளையிலிருந்து சொட்டும்போது இரண்டும் ஒன்றுதான், ஏறக்குறைய நடுநிலையான இனிப்பு நீர். பூசாத முட்டியில் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவங்கள் (ஈஸ்ட்) உடனே வேலையைத் தொடங்கும், வெல்லம் மதுசாரமாகும், கூடவே பற்றீரியாக்கள் இலற்றிக்கமிலத்தையும் அசற்றிக்கமிலத்தையும் உண்டாக்கும், சில மணித்தியாலத்தில் பிஎச் 4 பக்கம் இறங்கிவிடும். விட்டு வைத்தால் புளித்து வினாகிரியாகவே போய்ச் சேரும். சுண்ணாம்பு பூசிய முட்டியிலோ நீர் காரமாகிவிடுவதால் (தண்ணீரில் கரையும் மூலத்தைக் காரம் என்பார்கள்) அந்த நுண்ணங்கிகளால் பெருக முடியாது, இனிப்பு இனிப்பாகவே நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டி. நீலத் தாளைக் கள்ளில் வைத்தால் சிவக்கும், செந்தாளைக் கருப்பநீரில் வைத்தால், சுண்ணாம்பு தாராளமாக இருந்தால், நீலமாகும். ஒரே மரம், ஒரே பாளை. இதைக் காட்டினால் ‘அமிலம் ஒரு வகைப் பொருள், மூலம் வேறு வகைப் பொருள், இரண்டும் பிறப்பிலேயே வேறு’ என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வராது. கள்ளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தால் அதிபரிடம் என்ன சொல்வது என்பது வேறு பிரச்சினை, புளித்த இளநீரும் தயிரும் அந்த இடத்துக்குப் போதும்.

யூரியா இன்னொன்று. ஒரு காலத்தில் வன்னிக்குள் கொண்டுவரத் தடை போட்ட சாமான், இப்போது காலபோகம் தொடங்கினால் எல்லாருடைய வாயிலும் அதன் விலைதான். புதிதாகக் கரைத்த யூரியாக் கரைசலில் இரண்டு தாளும் பெரிதாக அசையாது, நடுநிலை என்று எழுதலாம். அந்தக் கரைசலில் ஒரு பிடி வயல் மண்ணைப் போட்டு, போத்தல் வாயில் நனைத்த மஞ்சள் தாளையோ நனைத்த செந்தாளையோ தொங்கவிட்டு மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால் மஞ்சள் தாள் சிவக்கும், செந்தாள் நீலமாகும், மூடியைத் திறந்தால் மூக்கில் அடிக்கும். மண்ணிலிருக்கிற நுண்ணங்கிகளின் யூரியேசு நொதியம் யூரியாவை உடைத்து அமோனியாவாக்குகிறது, அது மூல வாயு. வெளியில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் அமோனியா பறந்து தாள் பழையபடி வரும். ஈரம் குறைந்த வயலில் யூரியாவை மேலாக வீசிவிட்டு விட்டால் காசு காற்றில் போகிறது என்று வயது போன விவசாயிகள் சொல்வது இந்த வாயுவைத்தான். இன்னும் வேடிக்கை, அதே அமோனியம் மண்ணில் வேறு பற்றீரியாக்களால் நைத்திரேற்றாகும்போது ஐதரசன் அயன்களை வெளிவிடும், அப்போது மண் அமிலப் பக்கம் நகரும். காலையில் எடுத்த விடையை ஒரு கிழமைக்குப் பிறகு எடுத்த விடை மறுக்கலாம், இரண்டும் சரி.

நுரைப்பதெல்லாம் காரம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. சவர்க்காரம் நுரைக்கும், காரம், சரி. ஆனால் சவர்க்காரம் கிடைக்காமல் பனங்காயைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலத்தை அனுபவித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பனங்காய்க் களி நுரைப்பது அதிலிருக்கிற சப்போனின்களால், அதற்குக் காரத்தன்மை தேவையே இல்லை. அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்ட நீரை எடுத்தால் அது தலைகீழ்: நுரையே வராது, ஆனால் அதில் பொற்றாசியம் காபனேற்று இருப்பதால் செந்தாளைச் சட்டென்று நீலமாக்கும்.

உப்பும் இப்படித்தான் குழப்பும். உவர் கிணற்றுத் தண்ணீர் குடிக்க முடியாது, பயிரைக் கருக்கும், ஆகவே அது காரமாக இருக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். சோடியம் குளோரைட்டுக் கரைசல் எவ்வளவு செறிவானாலும் நடுநிலைதான், பயிரைக் கருக்குவது அது வேரிலிருந்து தண்ணீரை வரவிடாமல் செய்வதாலும் சோடியம், குளோரைட்டு மிகுதியாலும். கடல்நீர் மட்டும் 8.1 அளவில் கொஞ்சம் மூலப் பக்கம் நிற்கும், அதற்குக் காரணம் கறியுப்பு இல்லை, கரைந்திருக்கிற இருகாபனேற்றுகள்.

நடுநிலை என்றால் ‘உள்ளே ஒன்றும் இல்லை’ என்று அர்த்தமாகாது என்பதற்கு வன்னியிலேயே ஒரு பெரிய சாட்சி இருந்தது. ஆனையிறவில் விளைந்த உப்பைக் கொண்டு பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை ஓடியது, 1950களில் தொடங்கி 1980களின் நடுப்பகுதியில் போரோடு நின்றுபோனது. உப்புக் கரைசலுக்குள் மின்னைச் செலுத்தினால் ஒரு முனையில் குளோரீன், மற்ற முனையில் ஐதரசன், கரைசலில் மிஞ்சுவது சோடியம் ஐதரொட்சைட்டு, அதாவது கோஸ்ரிக் சோடா. அந்த ஐதரசனையும் குளோரீனையும் எரித்துத் தண்ணீரில் கரைத்தால் ஐதரோகுளோரிக்கமிலம். இரண்டு தாளையும் அசைக்காத வெறும் உப்பிலிருந்து வன்மூலமும் வன்னமிலமும் இரண்டும். இதைச் சின்ன அளவில் பார்க்க ஒரு 9 வோல்ற்று பற்றரி, இரண்டு பென்சில் கரி, மஞ்சள் கரைத்த உப்புத் தண்ணீர் போதும். மறை முனைக் கரியைச் சுற்றிச் செம்முகில் போல ஒன்று கிளம்பும், அது ஐதரொட்சைட்டு. நேர் முனைப் பக்கம் மஞ்சள் வெளிறும், அங்கே குளோரீன் சாயத்தையே அழிக்கிறது. குளோரீன் வருவதால் வெளியில் காற்றோட்டத்தில், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மட்டும் செய்யவேண்டும். பழைய தொழிற்சாலைக் காணியைக் கடந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அங்கே என்ன நடந்தது என்று சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சாயத்தை அழிப்பது வேறு, மாற்றுவது வேறு. வெள்ளத்துக்குப் பிறகு கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவார்கள். போட்ட கையோடு அந்தத் தண்ணீரில் தாளை வைத்தால், செறிவு கூடியிருந்தால் நீலமும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் வெளிறிப்போகும். அதை அமிலம் என்றோ நடுநிலை என்றோ எழுதக்கூடாது, காட்டி செத்துப்போய்விட்டது என்றுதான் எழுதவேண்டும்.

எண்கள் பற்றிக் கொஞ்சம். பிஎச் அளவை 1909இல் சோரன்சன் என்ற தென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி கொண்டுவந்தார், கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் மதுவடிசாலையின் ஆய்வுகூடத்தில். (கள்ளில் தொடங்கிப் பியரில் வந்து நிற்கிறோம், தற்செயல்தான்.) ஒரு எண் இறங்கினால் ஐதரசன் அயன் செறிவு பத்து மடங்கு ஏறும். தேசிக்காய்ப் புளி 2 சொச்சம், தயிர் 4.5 அளவு, இரண்டு எண் வித்தியாசம் என்றால் நூறு மடங்கு. பாசிச்சாயத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தேசிக்காய்க்கும் பற்றரி அசிற்றுக்கும் ஒரே சிவப்பைத்தான் காட்டும், ஒன்றைக் குடிக்கலாம், மற்றது தோலை உரிக்கும். 7 என்ற எண்ணும் கல்லில் எழுதியது இல்லை. அது 25 பாகை செல்சியசுக்குரியது. தகரக் கூரைக்குக் கீழே 35 பாகையில் தூய நீரின் பிஎச் ஏறக்குறைய 6.84, ஆனாலும் அது நடுநிலைதான், ஐதரசன் அயனும் ஐதரொட்சைட்டு அயனும் அதில் சமம். சமமாக இருப்பதுதான் நடுநிலைக்கு வரைவிலக்கணம், 7 என்பது ஒரு வெப்பநிலையில் அதற்குக் கிடைக்கிற எண்.

கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்து தாள் வைத்துப் பார்த்துவிட்டு ‘நல்ல தண்ணி’ என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுகிறார்கள். குடிநீருக்கான இலங்கைத் தர அளவு பிஎச் 6.5இலிருந்து 8.5 வரை அனுமதிக்கிறது, வன்னிக் கிணறுகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் கூடிய இடங்களில் மக்கள் கவலைப்படுகிற புளோரைட்டையோ, வன்மையைத் தருகிற கல்சியத்தையோ, பூச்சிகொல்லியையோ, நைத்திரேற்றையோ எந்தத் தாளும் காட்டாது. நடுநிலையான தண்ணீருக்குள் இவை எல்லாமே இருக்கலாம்.

கடைசியாகப் பாதுகாப்பு. வீட்டுச் சாமானில் செய்கிறோம் என்றதும் ருசி பார்க்கிற பழக்கம் வந்துவிடும், அதை முளையிலேயே கிள்ளவேண்டும். புளிப்பாக இருந்தால் அமிலம், வழுக்கினால் காரம் என்று புத்தகத்தில் இருப்பது தகவல், செய்முறை இல்லை. விரலில் காரம் வழுக்குவதே தோலிலுள்ள கொழுப்பு சவர்க்காரமாகிக்கொண்டிருக்கிறது என்பதால்தான். கண்ணைப் பொறுத்தவரை அமிலத்தைவிட மூலம் ஆழமாக இறங்கும், எனவே வெற்றிலைச் சுண்ணாம்பு பாவம் என்று தோன்றினாலும் இந்தப் பாடத்தில் கவனமாகப் பார்க்கவேண்டிய சாமான் அதுதான். கண்ணில் பட்டால் தேசிக்காய் விட்டு ‘நடுநிலையாக்குகிறேன்’ என்று யாரும் வெளிக்கிடக்கூடாது. ஓடுகிற தண்ணீரில் 15, 20 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக ஏற்பாடு செய்யவேண்டும். மலசலகூடம் கழுவுகிற அசிற்றையும் குளோரின் தூளையும் ஒரே நாளில் மேசைக்குக் கொண்டுவரவே வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு, மூடிய வகுப்பறையில் அது விளையாட்டு இல்லை. குளவி கொட்டினால் வினாகிரி, தேனீ கொட்டினால் அப்பச்சோடா என்று சில புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. நஞ்சு தோலுக்கு அடியில் போய்விட்டது, மேலே பூசுவது அங்கே போய்ச் சேராது, குளவி நஞ்சு அப்படியொன்றும் காரமானதும் இல்லை, ஏறக்குறைய நடுநிலை. வன்னிக் காட்டோரத்தில் குளவிக் கூடு கலைந்து பல இடத்தில் கொட்டு வாங்கினால் வினாகிரிப் போத்தலைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.